ஒரே மட்டமான தரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எங்களுக்கு வேண்டியது அதுதான். இங்கே நானும் அம்மாவும் மூன்று வேளை சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், மாத்திரை போட்டுக்கொள்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை. தினம் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று கடிதம் எழுதுகிறாரே என்று பயந்துவிடாதே. போனில் சொல்ல முடியாத விஷயம். நம் வீடு எவ்வளவு பெரிய அரண்மனை என்று உனக்கே தெரியும், மொட்டை மாடியில் நின்று குசுகுசுத்தால்கூட அம்மா காதில் விழுந்துவிடும். உட்கார்ந்து நிதானமாகப் படி. பாதியில் என் மேல் கோபம் வரும், வரட்டும், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

தரை போட்டு முடித்து இன்றோடு இருபத்திரண்டு நாள். தரையைக் காட்டுங்கப்பா காட்டுங்கப்பா என்று நீ நாலு தடவை கேட்டாய், நான் போனில் சார்ஜ் இல்லை, வெளிச்சம் இல்லை என்று சாக்குச் சொன்னேன். தரை நன்றாகத்தான் வந்திருக்கிறது, அதுதான் என் தலையெழுத்து. ரெண்டடிக்கு நாலடி போர்சலின் டைல்ஸ், தந்த நிறம், மேலே பாலிஷ். கடைக்காரர் ஒன்றைக் கவிழ்த்து அதன் முதுகில் பேனா மையை ஊற்றித் துடைத்துக் காட்டினார், ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கட்டட வரைபடம் போட்டவன் நான், கோடு மயிரிழை கோணினாலும் எனக்குச் சோறு இறங்காது, சும்மா விடுவேனா. வந்து இறங்கிய பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன், மூன்று பெட்டியில் மட்டும் நிறம் ஒரு துளி மஞ்சள் கூடுதல், கடைக்காரரோடு மல்லுக்கட்டி மாற்றி வாங்கினேன். அந்த ஒரு துளி மஞ்சளைக் கண்டுபிடித்த கண் இது பாப்பா. எவ்வளவு லட்சணமான கண் என்று மேலே படித்தால் உனக்கே தெரியும்.

கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். ஜன்னல் திரைக்குத் துணி எடுக்க நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருகிறவள் அவள், இன்றைக்குப் பொழுது போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்று தந்த நிறமா சாம்பல் நிறமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, அவருக்குப் புடிச்சதே எடுங்க என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் ரசனைக்கு மரியாதை கிடைத்ததே என்று மனதுக்குள் துள்ளிக் குதித்தேன். ஒரே ஒரு டைலை மட்டும் அவள் கேட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மாதிரியின் மேலும் ஏறி நின்று பார்த்தாள், கல் மாதிரி சொரசொரவென்று வரிவரியாக இருந்த ஒன்றின் மேல் ரொம்ப நேரம் நின்றாள், இது நல்லாருக்குங்க என்றாள். நான் அது கார் நிறுத்துகிற இடத்தில் போடுவதடி, உனக்கு எப்பவுமே கட்டாந்தரை புத்திதான் என்றேன். கடைக்காரரும் சிரித்தார். அவளும் சிரித்தாள், உடனே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பழைய சிமெண்ட் தரையில் கை வைக்கவே வேண்டாம் என்று ஒரு மாதம் மல்லாடினாள். காரணம் கேட்டால் காரணம் இல்லை, நல்லாத்தானே இருக்கு, இருக்கட்டுமே, அவ்வளவுதான். எனக்குத்தான் பிடித்த முயலுக்கு மூன்றே காலாயிற்றே, உனக்கு நல்லது எதுவுமே பிடிக்காது என்று கத்தினேன். கடைசியில், பாப்பா வர்றா, அந்த வெடிச்ச தரையில குழந்தைய எப்படிப்பா தவழ விடறதுன்னு கேக்கறா, நீ என்ன சொல்ற என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த நிமிஷமே அடங்கிவிட்டாள். குழந்தைக்குன்னா போடுங்க, வழவழன்னே போடுங்க என்றாள். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

தரை போட்டவரை இந்தத் தெருவில் எல்லோரும் ரசமட்டக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், டீக்கடை பெஞ்சில் உட்காரும்போதுகூடச் சட்டைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்து மட்டம் சரியா என்று பார்க்கிற ஆள். எனக்கேற்ற ஜோடி. பழைய தரையைக் கொத்திவிட்டால்தான் பசை பிடிக்கும் என்றார், கொத்தச் சொன்னேன். சமையலறை வாசலில் ஒரு மேடு இருக்குமே, அதைச் சமன் செய்யச் சொன்னேன். நீ எட்டாவது படிக்கும்போது இஸ்திரிப் பெட்டியைப் போட்டு உண்டாக்கின பள்ளம், படுக்கையறையிலிருந்து குளியலறை வரை ஓடின வெடிப்பு, அறைக்கு அறை இருந்த அரை அங்குலப் படி, எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. அம்மா தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்றுதான் அந்தப் படிகளை எடுக்கச் சொன்னேன், சத்தியமாக அதற்காகத்தான். டைலுக்கும் டைலுக்கும் நடுவில் இரண்டே மில்லிமீட்டர் விட்டு, அதே நிறத்தில் சந்து பூசி, வீடு முழுக்க ஒரே கண்ணாடித் தகடு விரித்த மாதிரி ஆகிவிட்டது. அந்த ஒன்பது நாளும் நாங்கள் உன் மாமா வீட்டில் இருந்தோம். அங்கே அம்மா உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, என்ன, அண்ணிக்கு எங்க வீடு ஒட்டலையா என்று உன் அத்தைக்குக்கூட வருத்தம்.

பத்தாம் நாள் காலையில் வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்து, புதுமாப்பிள்ளை மாதிரி ஒதுங்கி நின்று, போ, நீதான் முதலில் நடக்கணும் என்றேன். நாலைந்து அடி வைத்தாள், கூடத்து நடுவில் நின்றாள். எப்படி இருக்கு என்றேன். ரொம்ப அழகா இருக்குங்க என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சரி, டீ போடறேன் என்று கிளம்பினவள் நேராகப் போய் செருப்பு அலமாரியைத் திறந்தாள், உள்ளே கையை விட்டுத் துழாவினாள். பாப்பா, நான் சிரித்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்து, செருப்புல டீ போடப் போறியா என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கையில் ஒரு செருப்போடு அவள் திரும்பினாள். ஏங்க, நான் எங்க நிக்கறேன் என்று கேட்டாள்.

அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், எதிரே ஆள் நின்றால் ஒரு நிழல் தெரியும், அவ்வளவுதான். இன்று நேற்று இல்லை, ஒன்றரை வருஷமாக இப்படி. அவள் இந்த வீட்டில் நடந்ததெல்லாம் காலால் நடந்தது. வெடிப்பின் மேலேயே போனால் குளியலறை, பள்ளத்தில் கட்டைவிரல் பட்டால் அங்கிருந்து வலப்பக்கம் மூன்றடி, மேடு ஏறினால் சமையலறை. அது எல்லாவற்றையும் நான் கொத்தி எடுத்துவிட்டு எப்படி இருக்கு என்று கேட்டிருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் பக்கத்தில் படுத்தவர் எப்படிப்பா கவனிக்காம இருந்தீங்க என்று கேட்பாய். நீங்க பேப்பர் வாசிச்சா கேக்க நல்லாருக்கு என்றாள், என் குரல்மேல் ஆசை என்று நினைத்தேன். சமையலறையில் டப்பாவை ஓர் அங்குலம் நகர்த்தினால் சண்டைக்கு வந்தாள், சுத்தப் பைத்தியம் என்றேன். வீடியோ போனில் எப்போதும் அவள் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரிகிறது என்று நீயும் நானும் கேலி செய்தோமே, அவளும் கூடவே சிரித்தாளே. கண் டாக்டரிடம் இப்போது கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கருகிவிட்டதாம், வலிக்காதாம், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வருமாம், போன பார்வை போனதுதானாம். மிச்சமிருக்கிற வெளிச்சத்தைக் காப்பாற்ற சொட்டு மருந்து, அது மட்டும்தான்.

இப்போது நான் எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம். டாக்டர் பழைய பதிவேட்டைப் பார்த்துவிட்டு, இவங்க ரெண்டரை வருஷம் முன்னாடியே தனியா வந்திருக்காங்களே, மருந்து எழுதிக் குடுத்தோமே, அப்புறம் வரவே இல்லையே என்றார். நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேலைக்குக் கிளம்பப் பெட்டி கட்டின வாரம் அது. சொன்னா அவ போக மாட்டா, அவ வாழ்க்கைக்குக் குறுக்க நான் எதுக்கு என்று இப்போது சொல்கிறாள். மருந்தையும் நாலு மாதத்தில் நிறுத்திவிட்டாள், புட்டியைப் பார்த்தால் நான் கேள்வி கேட்பேன் என்று. அப்புறம் நீ பிரசவத்துக்குக் கூப்பிட்டாய். பிளேன் என்றால் பயம், வரமாட்டேன் என்றாள். பெத்த பொண்ணுக்கு ஒத்தாசைக்கு வராத அம்மா எங்கயாவது உண்டா என்று நீ அழுதாய், இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை, இப்போதும் முதலில் அப்பாகிட்ட குடுங்க என்றுதான் சொல்கிறாய். உன்மேல் தப்பில்லை, நானும்தான் அவளைக் கல்நெஞ்சக்காரி என்றேன். பாப்பா, அவளுக்குப் பிளேன் பயமே இல்லை. பச்சைக் குழந்தைய கையில குடுப்பா, நான் எங்கயாவது கதவுல இடிச்சுட்டா, தண்ணி சூடு தெரியாம ஊத்திட்டா என்ன பண்றது, அதுக்கு அவ என்னை வெறுக்கறதே மேல் என்றாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, நான்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். வாண்டு முகத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை பாப்பா. போட்டோ வரும்போதெல்லாம் யார் ஜாடை, யார் ஜாடை என்று என்னைக் கேட்பாள், நானும் அவளைப் பெற்ற உன் தாத்தாவின் மூக்கு, என் நெற்றி என்று ஏதோ கேலியாகச் சொல்லிவைப்பேன். அதை வைத்துத்தான் ஒரு முகம் செய்து வைத்திருக்கிறாள்.

மறுநாளே ரசமட்டக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் உடைத்து எடுய்யா, பழைய தரை வேண்டும் என்றேன். அவர் உட்கார்ந்து டைலைத் தட்டிப் பார்த்தார், எடுத்தா அடியில கொத்தின தரைதான் இருக்கும், பழைய தரை இல்ல சார் என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, அளவெடுக்க வந்தன்னிக்கு மாதிரிக்கு ஒரு டைலக் கூடத்துல வெச்சிருந்தேன், அம்மா அதுமேல கால் பட்டதும் அப்படியே நின்னுட்டாங்க, விரலாலயே அதைச் சுத்தி வந்தாங்க, கண்ணு தெரியாதுன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுது, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன், தெரிஞ்சுதான் வழவழன்னு கேக்கறீங்களோன்னு நான் வாயத் திறக்கல என்றார். யாரோ ஒரு மனுஷன், அரை மணி நேரம் வீட்டுக்குள் இருந்தவர், அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வாசலுக்கு வாசல் ஒரு வரிசை சொரசொரப்பான டைல் மாற்றிப் போடலாம், கால் கண்டுபிடித்துக்கொள்ளும், காசு வேண்டாம் என்றார். கடையில் அம்மா ஏறி நின்றாளே, அதே டைல். ஆனால் அவள்தான் கூடவே கூடாது என்கிறாள். குழந்தை வர்றப்ப முட்டி தேஞ்சுடும் என்கிறாள்.

நாங்கள் இப்போது அடியெண்ணிப் பழகுகிறோம். கட்டிலிலிருந்து கதவுக்கு ஏழு, கதவிலிருந்து கூடத்துச் சுவருக்குப் பதினொன்று. என் கையைப் பிடிக்க விடமாட்டாள், ரோஷக்காரி. நேற்று முன்தினம் எண்ணிக்கை தப்பிக் கூடத்து நடுவில் நின்றுவிட்டாள், என்னைக் கூப்பிடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், நான் கடையிலிருந்து வரும் வரை அங்கேயே இருந்திருக்கிறாள். போன வாரம் வாண்டு தானாக நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நீ செய்தி அனுப்பினாயே, அதைச் சத்தமாக வாசித்தேன். சந்தோஷப்பட்டாள். அப்ப தவழ்ற வயசு முடிஞ்சு போச்சா என்று மட்டும் கேட்டாள்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதை இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன். ஒளிந்து எழுதவில்லை, அவளுக்கு நேர் எதிரே, அதே மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என்ன எழுதறீங்க என்றாள், குழாய்த் தண்ணி சரியா வரலைன்னு மனு எழுதறேன் என்றேன். பேனா சத்தம் ரொம்ப நேரமா கேக்குதே, அவ்வளவு நீளமா எழுதினா எவன் படிப்பான் என்கிறாள். இவ்வளவு சுலபமாக அவளை ஏமாற்ற முடிகிறதே, எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

வேலையை விட்டுவிட்டு ஓடிவா என்று நான் சொல்லவில்லை. லீவு கிடைக்கிறபோது வா, ஆனால் தள்ளிப்போடாதே, அந்த நிழலும் எவ்வளவு நாளைக்குத் தெரியுமோ. போனில் முதலில் அவளைக் கேள். போட்டோ அனுப்பாதே, வாண்டு எப்படிச் சிரிக்கிறாள், பல் எத்தனை, முடி சுருட்டையா என்று வாயால் சொல், நான் சொல்கிற மூக்கையும் நெற்றியையும் நம்பி அவள் எத்தனை நாள் இருப்பாள். உன் மனதில் அவள்மேல் இருந்த கசப்பை இன்றோடு கழுவிவிடு, மிச்சம் இருந்தால் அதை என் கணக்கில் எழுதிக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. வாண்டுக்கு எங்கள் இரண்டு பேருடைய முத்தமும். மூவரும் நூறாண்டு நோய்நொடியில்லாமல் வாழ வேண்டும், நடக்கிற வழியெல்லாம் உங்களுக்கு வெளிச்சமாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மறந்துவிடாதே. சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வாசலில் சத்தமில்லாமல் நின்று, அவளே பார்த்துத் திடுக்கிடட்டும் என்று காத்திருப்பாயே, அதை மட்டும் இந்தத் தடவை செய்யாதே. தெருமுனையிலிருந்தே அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா