வானியலுக்குத் தட்கல்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். காலேஜில் முதல் நாள். அறிமுகக் கூட்டம் என்று சொல்லி பி.காம். மொத்தத்தையும் ஒரே ஹாலில் அடைத்துவிட்டார்கள். ஃபேன் ஆறு, ஓடியது இரண்டு. அந்த இரண்டுக்கும் கீழே சீனியர்கள்.

தூக்கிக்கொண்டு போனது: டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ், ஒரு கவர் நிறைய போட்டோ. அவர்கள் கேட்டது: ஒன்றும் இல்லை. எல்லாம் ஆன்லைனாம். அம்மாவிடம் சொன்னதற்கு, "போட்டோவையாவது குடுத்துட்டு வந்திருக்கலாம்ல, காசு போட்டு எடுத்தது" என்கிறாள். யாரிடம் கொடுப்பது, வாட்ச்மேனிடமா?

முக்கியமான விஷயம். பி.காம். பாடங்கள் எல்லோருக்கும் ஒன்று. அது போக வேறு துறையிலிருந்து ஒரு விருப்பப் பாடம் நாமே எடுக்கணும். வியாழன் பத்து மணிக்கு வெப்சைட் திறக்கும், பன்னிரண்டுக்கு மூடும். ஒரு பாடத்துக்கு முப்பது பேர்தான். முந்தினவருக்கு இடம். மூடிய பிறகு எடுத்தது எடுத்ததுதான், வருஷம் முழுக்க மாற்ற முடியாது.

இருப்பவை: வங்கியியல், கணினிப் பயன்பாடு, பேச்சு ஆங்கிலம், மூலிகைத் தாவரங்கள், வானியல்.

வானியல்! பிசிக்ஸ் மேடம் மைக்கைப் பிடித்து, மொட்டை மாடியில் டெலஸ்கோப் இருக்கு, வானம் தெளிவாக இருந்தால் நிலாவில் உள்ள பள்ளத்தையே பார்க்கலாம் என்றார். அதற்கப்புறம் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்: "இருட்டுன பெறகு வீட்ல விடுவாகளா?" அதுவும் சரியான கேள்விதான். இவளுக்கு இதையெல்லாம் யார் கேட்கச் சொன்னது.

ஜூலை 8, செவ்வாய்

தூறல் போடுகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது. துணி காய்ந்தது, அது ஒரு லாபம்.

வீட்டில் வானியல் என்று சொன்னேன்.

அம்மா: "ஜோசியமா? நமக்கு ஆகாதுடி."

ஜோசியம் இல்லை, நட்சத்திரம், நிலா, கிரகம் என்றேன்.

அம்மா: "பிறை பாக்கத்தான் பள்ளிவாசல்ல ஆள் இருக்காகளே."

மாமு கடையை மூடிவிட்டு வந்தார். அம்மாவின் தம்பி. பழைய சாமான் கடை. ஓட்டை விழுந்த எனாமல் கும்பாவை வெள்ளைக்காரரிடம் கலைப் பொருள் என்று விற்கும் திறமைசாலி. வங்கியியல்தான் எடுக்கணுமாம். "ஏசி ரூம்ல ஒக்காந்து கையெழுத்துப் போடலாம். நட்சத்திரத்துக்கு யாரு சம்பளம் குடுப்பா?" ராத்தா சென்னையிலிருந்து போனில். பெரியம்மா மகள், ஐ.டி. கம்பெனி. "கம்ப்யூட்டர் எடுடி, கண்ணை மூடிக்கிட்டு எடு." இவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத்தானே இப்படி இருக்கிறார்கள்.

ஏன் வானியல் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், சிரிப்பார்கள். இங்கே எழுதி வைக்கிறேன். அத்தாவுக்கு (காலேஜ் ஃபாரத்தில் 'தந்தை') ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட் குடோனில் வேலை. அங்கே எப்போதும் பிறை முதலில் தெரிந்துவிடும். அவருக்குப் பெருநாள் வருகிற அன்று எங்களுக்கு இன்னும் நோன்பு. வீடியோ காலில் புதுச் சட்டையோடு நிற்பார், நாங்கள் வறண்ட வாயோடு வாழ்த்துச் சொல்வோம். மறுநாள் எங்களுக்குப் பெருநாள், அவர் டியூட்டியில். சின்ன வயதில் ஏன் அத்தா என்று கேட்டேன். "இங்க பிறைக்கு அவசரம்மா" என்றார். ஒரு தடவைகூட நாங்களும் அவரும் ஒரே நாளில் பெருநாள் கொண்டாடியதில்லை. எனக்கு அது ஏன் என்று சரியாகத் தெரிஞ்சாகணும். அவ்வளவுதான்.

கடைசியில் அம்மா: "சரி, என்னமோ எடு. அத்தா சம்மதிச்சா சரி." அத்தா போனில்: "அவளுக்குப் பிடிச்சதை எடுக்கட்டும்." பாடத்தின் பெயரை இரண்டு தடவை கேட்டார். புரிந்த மாதிரி தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

வெயில். குழாயில் தண்ணீர் வராத நாள்.

சிக்னல் பிரச்சனை. நாங்கள் வாடகைக்கு இருப்பது பெரிய வீட்டின் பின்கட்டு. சுவர் ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்குக் கனம். எந்த ஆச்சி வீட்டில் கட்டினார்களோ, திருடன் வரக்கூடாதென்று கட்டியதில் நெட்டும் வருவதில்லை. கிணற்றடியில் மட்டும் இரண்டு கோடு தெரியும். துணி துவைக்கும் கல்லில் ஏறி நின்றால் மூன்று.

ஆகவே மாமுவின் யோசனை: தட்கல் முறை. சென்னைக்கு அவசர ரயில் டிக்கெட் எடுக்க எங்கள் குடும்பம் கண்டுபிடித்த வழி. காலை பத்து அடித்ததும் ஆளுக்கு ஒரு போனில் ஒரே நேரத்தில் முட்டுவது. யாருக்குக் கிடைக்கிறதோ அவர் குரூப்பில் கத்தணும், மற்றவர்கள் நிறுத்திவிடணும். இதுவரை தோற்றதில்லை.

காலேஜ் பதிவு நம்பரையும் பாஸ்வேர்டையும் மாமுவுக்கும் ராத்தாவுக்கும் அனுப்பினேன். கீழே கொட்டை எழுத்தில்: "வானியல். வானியல் மட்டும்." இரண்டு பேரும் கட்டைவிரல் காட்டினார்கள்.

அத்தாவுக்கு அனுப்பவில்லை. போன வருஷம் தட்கலில் முந்தியது அவர்தான். எடுத்த டிக்கெட்: சென்னையிலிருந்து காரைக்குடிக்கு. நாங்கள் அப்போது காரைக்குடியில் பெட்டியோடு. இன்றைக்கும் கல்யாண வீட்டில் அதைச் சொல்லித்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

சாயங்காலம் அத்தா போன். "எனக்கு அந்தப் பாஸ்வேர்டு அனுப்பலையாம்மா?" குரல் ஒரு மாதிரி. டியூட்டி நேரமாச்சே அத்தா என்று இழுத்தேன். "டீ பிரேக் இருக்குல்ல" என்றார். மனசு கேட்கவில்லை, அனுப்பிவிட்டேன். அவர் லாக்கரிலிருந்து போனை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஜூலை 10, வியாழன்

வெயிலா மேகமா, தெரியாது. பார்க்கவில்லை.

பத்துக்கு முன்பே துவைக்கும் கல் மேல் நான். கீழே அம்மா குடையோடு. பத்து அடித்தது. முதல் தட்டிலேயே உள்ளே! வானியல். பச்சை டிக். "பதிவு செய்யப்பட்டது." கல்லில் ஒரு குதி. அம்மா, "வழுக்கி விழுந்து தொலையாதடி."

குரூப்பில் போட்டேன்: கிடைச்சிருச்சு, யாரும் தொடாதீக. போட்டுவிட்டு டீ குடிக்க வீட்டுக்குள் போனேன். அங்கேதான் புத்தி கெட்டது. டீ முடித்துப் பார்த்தால் மெசேஜ் போகவே இல்லை. கடிகாரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மறுபடி கல்லுக்கு ஓட்டம். ராத்தா போன்: "முடிச்சிட்டேன்டி! கம்ப்யூட்டர். பின்னாடி நீயே எனக்கு நன்றி சொல்லுவ."

அடுத்து மாமு: "என்னமா, உள்ள போனா கம்ப்யூட்டர்னு கெடக்கு? நான் வங்கி போட்டாச்சு. பயப்படாத."

"நீங்க ஏன் மாமு மாத்துனீக? வானியல்னு எழுதித்தானே அனுப்புனேன்!"

"அதைப் பாத்தேன்மா. நீ சின்னப்புள்ள, தெரியாம எழுதியிருக்கேன்னு..."

தட்கலில் முதலில் எடுத்தவருக்கு டிக்கெட். இந்த வெப்சைட்டில் கடைசியாகத் தொட்டவர் சொன்னதுதான் நிற்கும். இதை எங்கள் வீட்டில் ஒருத்தரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

மாற்றிவிடலாம் என்று உள்ளே போனால்: "இக்கணக்கு வேறு இடத்தில் திறந்துள்ளது. பிறகு முயலவும்." மாமுவிடம் மூடச் சொல்லிக் கத்தினேன். "அப்பவே மூடிட்டேன்மா" என்று சத்தியம் செய்கிறார். நம்புவேனா? ராத்தாவும் இல்லை என்கிறாள். திரும்பத் திரும்ப அதே வாசகம். உள்ளே உட்கார்ந்திருப்பது யாரோ, அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மா குடையைப் பிடித்தபடி ஸலவாத்து ஓதுகிறாள். பன்னிரண்டு அடித்து மூடிவிட்டது.

கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு வருஷம் வங்கியியல். அவர்கள் நல்லதுக்குத்தான் செய்தார்கள், அதுதான் இன்னும் எரிகிறது. குடும்பக் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டேன். போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டேன். சோறு வேண்டாம் என்றேன், அம்மா வற்புறுத்தாதது அதைவிடக் கோபம்.

ஜூலை 11, வெள்ளி

ராத்திரி மழை பெய்திருக்கிறது போல. கிணற்றடி ஈரம்.

காலேஜ் ஆபீஸ். எனக்கு முன்னால் நீள வரிசை, எல்லோரும் ஏதோ ஒன்றை மாற்றக் கேட்டு. எல்லோர் வீட்டிலும் ஒரு மாமு இருப்பார் போல. ஜன்னலில் இருந்த அக்கா தலையைத் தூக்காமலே, "மாத்த முடியாதும்மா, கடைசியா எதைப் போட்டீகளோ அதான்" என்றார். அழுகிற மாதிரி நின்றேன். நம்பரைக் கேட்டு ஒரு சீட்டு எடுத்துத் தந்தார்.

விருப்பப் பாடம்: வானியல்.

"அக்கா, இது என்னோடதுதானா?"

"உன் பேருதானே போட்டிருக்கு? அங்குட்டுத் தள்ளு, அடுத்த ஆளு."

வானியலுக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். ஏழு பேராம். முப்பது இடத்துக்கு ஏழு! இதற்குத்தான் மூன்று ஊரிலிருந்து முட்டினோம்.

வீட்டுக்கு வந்து சீட்டைக் காட்டினேன். அம்மா தன் போனை நீட்டினாள். "உங்க அத்தா நேத்தே குரூப்புல என்னமோ பேசி அனுப்பியிருக்காக. ஒங்கிட்ட யாரு வந்து சொல்றது, மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தே."

அத்தாவின் குரல். பின்னால் அட்டைப்பெட்டி இழுக்கிற சத்தம்.

"நஸ்ரின்மா, லேட்டாயிருச்சு. டீ பிரேக்லதான் போன் கைக்கு வந்துச்சு. உள்ள போனா வங்கின்னு இருந்துச்சும்மா. நீ வானியல்னுல எழுதியிருந்தே? மாத்திட்டேன். அந்த டிக்கெட்டு மாதிரி ஆயிறக் கூடாதுன்னு ஒவ்வொரு எழுத்தா பாத்துப் பாத்துத்தான் அமுக்குனேன், பிரேக் பூரா போயிருச்சு, அதை மூடக்கூட நேரமில்லாம போனை லாக்கர்ல வச்சுட்டேன். அது என்ன படிப்புன்னு இங்க ஒரு தம்பிகிட்ட கேட்டேன். நிலா, நட்சத்திரம்னான். நல்லா படிம்மா. படிச்சுட்டு எனக்கும் சொல்லு, எனக்கு மட்டும் ஏன் ஒரு நா முந்தியே பெருநாள் வருதுன்னு. அன்னைக்கி நீ கேட்டப்ப எனக்குத் தெரியலம்மா, சும்மா ஒண்ணு சொன்னேன்."

ஆக, நேற்று என்னை உள்ளே விடாமல் நிறுத்தி வைத்தது அத்தாதான். நான் வாய்க்கு வந்தபடி திட்டியதும் அவரைத்தான்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். அழுகை. அம்மாவும். கிணற்றடியில் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பதை மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அத்தாவுக்கு என் போனிலிருந்தே பதில் அனுப்பணும், குரூப்பில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. ஆனால் உள்ளே சேர்க்கச் சொல்லி மாமுவிடம்தான் கெஞ்சணும். அட்மின் அவர்.