பின் சக்கரத்தைப் பிடிப்பவள்

செப்டம்பர் 14, 2025 – ஞாயிறு

அவர் நேற்று மாலை கிளம்பிவிட்டார். தெலங்கானாவில் எங்கோ வரிசையாகப் போர்வெல் போடுகிறார்களாம். ரிக் வண்டியை ஓட்டிக்கொண்டு போனவர் தீபாவளிக்குக்கூட வருவது சந்தேகம். விளாங்குடி வீட்டில் இனி நானும் இசைவாணியும்தான். அவருடைய மகள், கல்லூரியில் முதலாம் ஆண்டு. எனக்கும் மகள் என்று எழுதலாம்தான், கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனால் அவளைக் கேட்காமல் எழுதுவது என்னவோ திருட்டுத்தனமாக இருக்கிறது.

காலையில் கொல்லைப்புறத்தில் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பந்தய சைக்கிள். அதில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும், மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருள முடியாது. செயின் தளர்ந்து கழன்றால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைக் கவிழ்த்துவிடுமாம். அதனால் வாராவாரம் செயினைப் பார்க்க வேண்டும். நட்டைத் தளர்த்தி, பின் சக்கரத்தைப் பின்னால் இழுத்து, கோணாமல் பிடித்துக்கொண்டே நட்டை முடுக்க வேண்டும். அவர் இருந்தால் அவர் பிடிப்பார், இவள் முடுக்குவாள். இன்று ஒற்றை ஆள். முடுக்கும்போதெல்லாம் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது.

நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன்.

“இல்லங்க, ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

இந்தச் ‘சிரமம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்றரை வருடத்தில் ஒரு சுடுசொல் கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவிடம் நடந்துகொள்வதுபோல் அம்புட்டு மரியாதை. அவளைப் பெற்றவளை நான் அக்கா என்றுதான் சொல்வது. அக்கா படத்துக்கு நான் பூப்போட்டால்கூட ‘தேங்க்ஸ்ங்க’ என்கிறாள். என்னை என்னவென்று கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் கூப்பிடுவதே இல்லை, எதிரே வந்து நின்று தொண்டையைக் கனைப்பாள்.

அரை மணி கழித்துக் கனைப்பு கேட்டது. “கொஞ்சம் பிடிக்கிறீங்களா.”

பிடித்தேன்.

செப்டம்பர் 15

விரலில் செயின் கறை போகவில்லை. நான் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்க வந்த பெரியவர் மாத்திரையை விட்டுவிட்டு என் கையையே பார்த்தார். மருந்து கொடுக்கிற கை இப்படியா என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

செப்டம்பர் 21 – ஞாயிறு

இன்று அவளாகவே கூப்பிட்டாள். அதாவது, கனைத்தாள்.

போன வாரம் நான் இழுத்த இழுப்பில் செயின் விறைத்துப்போய் பெடல் கரகரவென்று சுற்றியதாம். வாரம் முழுக்க அப்படியே ஓட்டியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க ஆசையாப் பிடிச்சீங்க” என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

“இம்புட்டு இழுக்கக் கூடாதுங்க” என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். முன்னால் இருக்கிற பல்சக்கரம் முழு வட்டம் மாதிரி தெரிந்தாலும் முழு வட்டம் இல்லை. பெடலை மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் செயின் இறுகும், ஓரிடத்தில் தொய்யும். இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல ஆட வேண்டும். தொய்கிற இடத்தில் வைத்து முடுக்கிவிட்டால், இறுகும் இடம் வரும்போது பிடித்துக்கொள்ளும்.

எனக்குப் பிறவிக் குணம் எதையும் இறுக்குவது. பாட்டில் மூடி, குழாய், ஊறுகாய் ஜாடி. இந்த வீட்டில் நான் மூடியதை நானே வந்துதான் திறக்க வேண்டும்.

இந்தச் செயின் சங்கதியைக் குடும்பத்தோடு ஒப்பிட்டு நாலு வரி எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுத மாட்டேன். காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ படம் போட்டு வருகிற வாட்ஸ்அப் வாசகம் மாதிரி ஆகிவிடும்.

செப்டம்பர் 26

அவர் போன் செய்தார். பிள்ளை சாப்பிடுகிறதா, ரோட்டில் லாரி பார்த்துப் போகிறதா, செயினை யார் பிடிக்கிறது. நான்தான் என்றேன்.  “நெசமாவா?” என்றார். ஏதோ நான் கலெக்டர் ஆகிவிட்டதுபோல.

அக்டோபர் 1 – ஆயுத பூஜை

அவள் எழுவதற்கு முன்னால் சைக்கிளைத் துடைத்தேன். சந்தனம், குங்குமம், கைப்பிடியில் சின்னதாகச் சாமந்தி மாலை. பின் சக்கர அச்சில் ஒரு கறுப்புத் திருஷ்டிக் கயிறும் கட்டினேன். என் அண்ணன் ஆட்டோவுக்கு வருஷா வருஷம் அச்சில்தான் கட்டுவோம், ஒரு கீறல் விழுந்ததில்லை. நவம்பரில் சென்னையில் மாநில சைக்கிள் அணிக்கான தேர்வு. வாடிப்பட்டி ரோட்டில் காற்றாகப் போகிற பிள்ளை. ஊர்க்கண் ஒரு கண்ணா?

எழுந்து வந்தவள் மாலையைப் பார்த்துச் சிரித்தாள். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். கயிற்றைக் கவனிக்கவில்லை. கறுப்பில் கறுப்பு.

அக்டோபர் 3 – வெள்ளி

விழுந்துட்டா.

சமயநல்லூர் தாண்டி. கயிறு நைந்து அதன் நுனி செயினுக்கும் பின் பல்சக்கரத்துக்கும் நடுவே போய்விட்டது. சாதா சைக்கிளாக இருந்தால் மிதிப்பதை நிறுத்தியிருப்பாள், தப்பித்திருப்பாள். இது நிற்காதே. இன்னும் இன்னும் உள்ளே இழுத்து, செயின் எகிறி, சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் வந்த உக்கிரபாண்டி மாஸ்டர்தான், அவளுக்குப் பயிற்சி கொடுப்பவர், ஆட்டோ பிடித்து ஏற்றிவந்தார். முழங்கை, இடுப்பு எல்லாம் சிராய்ப்பு. வலது மணிக்கட்டு வீக்கம். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாஸ்டர் கயிற்றுத் துண்டை எடுத்துக் காட்டினார். எந்த மடையன் கட்டியது என்று கேட்டார். நான் பஞ்சு எடுக்கத் திரும்பிக்கொண்டேன். யாரு கேட்டா என்னைய? எதுக்குக் கட்டுனேன்? ஒரு லாரி வந்திருந்தா?

அதற்குள் அவர் போனில். மாஸ்டர் சொல்லியிருக்கிறார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அவர் கத்துவது தெருவுக்கே கேட்டிருக்கும். கட்டினது யாரு, யாரு என்று அதே கேள்வி. நான் பஞ்சும் மருந்துமாக நின்றேன். சொல்ல வாயைத் திறந்தேன்.

“நான்தான்ப்பா கட்டுனேன்” என்றாள். என்னைப் பார்க்கவே இல்லை. “வச்சிரு, கை வலிக்குது.”

அக்டோபர் 4

என்னால் முடியவில்லை. மதியம் வேலை இடத்திலிருந்து அவருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன்.  “சரி, வையி” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான்னு நான் சொல்லிட்டேன்ல? அப்பறம் ஒங்கள யாரு போன் போடச் சொன்னது? இப்ப அப்பா அங்க வண்டிய ஓட்டிக்கிட்டு இதையே நெனச்சுக்கிட்டிருக்கும்.”

நானும் லேசுப்பட்டவள் இல்லை. எனக்காக ஒரு பிள்ளை பொய் சொல்லி ஏச்சு வாங்குவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டு இருப்பது என்று திருப்பிக் கேட்டேன். என் குரலும் ஏறிவிட்டது.

“ஒவ்வொண்ணுக்கும் என் மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பேசுறீங்க. இது பிடிக்குமா, அது பிடிக்குமான்னு. நீங்க அப்பிடிப் பேசுனா நானும் பாத்துப் பாத்துத்தான பேசணும்? எனக்கு ஆயாசமா இருக்கு. என் வீட்ல நான் எப்பப் பாத்தாலும் விருந்தாளி மாதிரி இருக்கேன்.”

கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தவில்லை, அறைந்தாள். நிலையே அதிர்ந்தது.

நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். விருந்தாளி நான் என்று அல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் மரியாதை எல்லாம் என் மரியாதைக்குப் பதில் மரியாதை. யார் முதலில் தொடங்கினோம்? நான்தான் போலிருக்கிறது. வந்த முதல் நாளே, பாப்பா உங்களுக்குக் காபியா டீயா என்று கேட்டவள் நான்.

ஆனால் எழுதத்தான் வேண்டும்: அழுகையோடு அழுகையாக ஒரு சந்தோஷமும் இருந்தது. யாரும் பக்கத்து சீட்டு அம்மாவோடு இப்படிச் சண்டை போடமாட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ராத்திரிக்கு என்ன என்று கேட்டாள். தோசை என்றேன். நேத்தும் தோசைதானே என்றாள். இஷ்டமிருந்தால் தின்னு என்றேன். தின்றாள்.

அக்டோபர் 12 – ஞாயிறு

வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் மணிக்கட்டுக் கட்டு இன்னும் ஒரு வாரம் இருக்க வேண்டும். புதுச் செயின், புதுப் பல்சக்கரம் மாஸ்டர் வாங்கி அனுப்பியிருந்தார். மாட்டச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். என் கை அந்த சைக்கிளில் படவே வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடு, பணம் நான் தருகிறேன்.

“கட்டுனது கயிறு. அது தப்பு. பிடிச்சது எப்பத் தப்பாப் போச்சு?” என்றாள். “எனக்கு ஒரு கை இல்ல. ஒங்களுக்கு ரெண்டு இருக்கு. வாங்க.”

துவைகல்லில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல, இன்று இழுப்பதும் நான், முடுக்குவதும் நான். முதலில் செயின் பக்கத்து நட்டை முடுக்கினேன், சக்கரம் சாய்ந்தது. மறுபடி தளர்த்தினேன். இடது கையால் டயரைச் சட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி முடுக்கினேன். புடவையெல்லாம் செயின் மை. பெடலைச் சுற்றி இறுகும் இடத்தைத் தேடினேன். முதலில் கைக்குப் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுற்றியபோது லேசாக ஒரு தடங்கல். அங்கே நிறுத்தினேன். விரலால் அழுத்திப் பார்த்தேன். விறைப்பு. என் புத்திதானே! ஒரு மயிரிழை தளர்த்தினேன். இப்போது ஆடியது.

பார் என்றேன். அவள் எழுந்து வரவில்லை. “பெடலச் சுத்தி விடுங்க” என்றாள். சுற்றினேன். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “ம்” என்றாள்.

அவ்வளவுதான். விரல் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் அவள் உள்ளே போனதும் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 20 – தீபாவளி

அவர் வரவில்லை. போனில் முதலில் என்னிடம்தான் பேசினார். கை எப்படி இருக்கு என்று கேட்டார். நல்லாயிருச்சு, நேற்று கட்டைப் பிரித்தாயிற்று என்றேன். “அவ கையில்ல, ஒன் கையி. ஸ்பேனர் பிடிச்சுக் காப்புக் காய்ச்சிருச்சாமே” என்றார். மனுஷனுக்குக் கோபம் போய்விட்டது.

அக்டோபர் 23

விழுந்த பிறகு முதல்முறையாக ரோட்டில் ஓட்டினாள். பரவை வரை போய்த் திரும்பினாள். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டால் பால்காரருக்கு என்று சொல்லத் தயாராக இருந்தேன். கேட்கவில்லை.

நவம்பர் 16 – ஞாயிறு, ரயிலில்

எழுத்து ஆடுகிறது. அவர் ஜன்னலோரம் தூங்குகிறார். அவள் மேல் பர்த்தில்.

நேற்றுத் தேர்வு. சென்னைக்கு வெளியே, கிண்ணத்தின் உள்பக்கம் மாதிரி சரிந்த ஓடுதளம்.  அவர் ஹைதராபாத்திலிருந்து ரயிலேறி, குளிக்காமல் கொள்ளாமல் காலையிலேயே நேராக வந்துவிட்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறார், அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

அந்தத் தளத்துக்கு மாஸ்டர் பின் பல்சக்கரத்தை மாற்றச் சொன்னார். மாற்றினால் செயினை மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். அங்கே சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, கால்தான் பிரேக். செயின் கழன்றால் அந்தச் சரிவில் என்ன ஆகும் என்று நான் நினைக்கக்கூட விரும்பவில்லை. முந்தைய பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், இவள் பெயரைக் கூப்பிடப்போகிறார்கள். அவள் ஸ்பேனரோடு குந்தினாள். அவர் வழக்கம்போல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் சக்கரத்தைப் பிடித்தார். நான் இரண்டடி பின்வாங்கி, தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுதான் நியாயம் என்றே நினைத்தேன். அவர் இடம் அது.

அவள் நட்டில் ஸ்பேனரை வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

“நீ எந்திரிப்பா. சித்தி பாத்துக்கிரும்.”

அவர் புரியாமல் பார்த்தார். நான் அசையாமல் நின்றேன். சொன்னவள் எங்கள் இருவரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவளுக்கு அவசரம்.

“அதுக்குத்தான் இந்த சைக்கிளு தெரியும். சித்தி, சுருக்கா வா. கூப்பிடப் போறாக.”

அவர் எழுந்து இடம் விட்டார். பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். இழுத்தேன், அவள் முடுக்கினாள். பெடலைச் சுற்றி இறுகும் இடத்தில் நிறுத்தி அழுத்திப் பார்த்தேன், ஆடியது. போ என்றேன். போனாள். நிமிர்ந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சென்னையில் தூசி ஜாஸ்தி என்றார்.

அவள் எத்தனாவதாக வந்தாள் என்பதை எழுத மறந்துவிட்டேன். மூன்றாவது. எடுத்துக்கொண்டார்கள்.