பிரிட்ஜில் வைத்த மஞ்சள் பால்

செவ்வாய் இரவு, ஆஸ்பத்திரியில்.

என் வீட்டுக்காரர் தூங்குகிறார்.

இன்று நான் வேலை பார்க்கும் பால் சொசைட்டிக்கு லேப் வண்டி வரவில்லை. சோதனைக்கு எடுத்த பாலை நான்தான் பாட்டிலோடு வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிட்ஜில் வைத்தேன். கெடாமலிருக்க அதில் பொட்டாசியம் டைக்ரோமேட் மாத்திரை போட்டிருந்தேன். அந்த ஆரஞ்சு உப்பு கரைந்தால் பால் மஞ்சளாகிவிடும். விஷம். பாட்டிலின் மேல் சொசைட்டி நம்பர் மட்டும்தான் எழுதியிருந்தேன்.

சாயங்காலப் பால் எடுத்து முடித்துத் திரும்பினால், பாட்டில் கழுவிக் கவிழ்த்திருக்கிறது.

"ஏனுங்க, இதுல இருந்த பாலு எங்கீங்க?"

"சூடு பண்ணிக் குடிச்சுட்டேன். இருமலுக்குத்தான மஞ்சப்பாலு வெச்சிருந்தே?"

எல்லையோரத்து எங்கள் ஊர் வடகரப்பதியிலிருந்து வரும் வழியெல்லாம் காரில் வாந்தி. டாக்டர் மலையாளத்தில் கேட்டபோது பாலில் போட்ட மருந்தின் பெயரே எனக்கு வாயில் வரவில்லை. காலையில் ரத்தம் பார்த்த பிறகுதான் கிட்னியைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார்.

கண்ணை மூடப் போனவரிடம், கசக்கவில்லையா என்று மட்டும் கேட்டேன்.

"கசந்துச்சு. நீ வெச்சதாச்சேன்னு மிச்சம் வெக்காமக் குடிச்சுப்போட்டேன்."