மச்சான் வண்டி உதைத்தது

அன்புள்ள லோரெட்டா,

இருமல் குறைந்ததா? நான் சுகம். நான் சொல்லச் சொல்ல, பட்டறைக்கார வெர்னன் எழுதுகிறான்.

பெட்டியில் உதிரியாகக் கிடந்த உன் அண்ணனின் நாற்பத்தேழாம் வருஷ மோட்டார் சைக்கிளை நினைவிலிருந்தே பூட்டிவிட்டேன். நேற்று கிளப்பும்போது, தீப்பொறியைத் தாமதப்படுத்தும் கைப்பிடியைத் திருப்ப மறந்தேன். கிளப்பும் மிதி திருப்பி எகிறி என் காலில் அடித்தது. லேசான வீக்கம்தான்.

"கிழவா, வண்டிக்கே உன்னப் பிடிக்கல!" என்றான் வெர்னன்.

"மச்சான் வண்டிதானே, உதைக்கத்தான் செய்யும்!" என்றேன்.

பனி விழுமுன் அதை உன்னிடம் ஓட்டி வருவதாகச் சொல்லியிருந்தேன். வசந்தம்வரை ஏறக்கூடாது என்கிறார் டாக்டர். உட்கார்ந்திருக்க முடியவில்லை, வாசலுக்கும் வண்டிக்குமாக நொண்டுகிறேன். வீங்கிய கால் நுழைய என் அகலமான பூட்ஸை அனுப்பு. இல்லை, பஸ் ஏறி நீயே கொண்டு வா. அந்த வண்டியைச் சின்ன வயதிலேயே கிளப்பியவள் நீதானே.

வெர்னன் கடையடைக்கிறான், இத்தோடு முடிக்கிறேன்.

உன் எல்வுட்