காலிப் பெட்டிக்குத் தண்ணீர்

இன்று காலை துணி காயப்போடும்போது ஓர் இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தால், உங்கள் காலித் தேன்பெட்டியின் வாசலில் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருக்கின்றன. ரப்பர் மரம் இலை கொட்டி, தேன் சுரக்கும் தளிர்விடும் தை மாதம். உங்களைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

அந்தப் பெட்டியில் இருந்த கூட்டத்தை விரட்டியவள் நான்தான். மழைக்காலத்தில் தேனீக்கு இரை கிடையாது, தொந்தரவு பண்ணாதே என்று சொல்லியிருந்தீர்கள். எனக்குப் பொறுக்குமா? இருக்கிறதா செத்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். "ஏட்டி, ஒரு நாளைக்கு மூணு தடவ தொறந்தா அதுக எங்கன குடியிருக்கும்?" என்றீர்கள். அந்த வாரமே பறந்துவிட்டன. நீங்கள் திட்டவில்லை. பெட்டியைக் கழுவி, உள்ளே மெழுகு தேய்த்து, பழைய இடத்திலேயே வைத்தீர்கள்.

அந்த வருடம்தான் நம் மகள், தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றாள். "இனி இந்த வாசப்படிய சவுட்டாத" என்று சொன்னவளும் நான்தான். பிறகு மனசு கேட்காமல் தினமும் போன் செய்தேன். செய்து சண்டையும் போட்டேன். அவள் எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

அதன்பின் இரண்டு வருடம், காலை ஜெபம் முடிந்ததும் பெட்டியைத் தாங்கும் காலின் அடியில் இருக்கும் கிண்ணத்தில் தண்ணீர் மாற்றுவீர்கள், எறும்பு ஏறாமலிருக்க. அப்புறம் அவள் அறையைப் பெருக்குவீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். "ஆளில்லாத வீட்டுக்கு என்னத்துக்குக் காவலு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வாறதும் வராததும் கடவுளுக்க காரியம். எறும்பு ஏறாம பாக்கது நம்ம காரியம்."

"கடவுளுக்கு ஏன் இவ்வளவு சுணக்கம்?"

"ரப்பரு தளிர்க்காம தேனு எங்கேருந்து வரும்?" என்று சிரித்தீர்கள்.

உங்கள் அடக்கத்துக்கு அவள் வந்தாள். கல்லறைத் தோட்டத்தோடு திரும்பியும் போய்விட்டாள். வீட்டுக்கு வா என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. அன்றிலிருந்து கிண்ணத்துத் தண்ணீரை மாற்றுவதும் அவள் அறையைப் பெருக்குவதும் நான்தான். நம்பிக்கையால் அல்ல, உங்கள் கை செய்துவந்த வேலைகள் என்பதால்.

இன்றும் மூடியைத் திறக்கக் கை பரபரத்தது. திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரைச்சலைப் போனில் பதிந்து அவளுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் கூடச் சேர்க்கவில்லை. சோறு வடித்தேன், மத்தியானம் போயிற்று. நாலு மணிக்குப் பதில் வந்தது: "அப்பாக்க பெட்டியாம்மா?"

அழுதுவிட்டேன். இதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்பதை யாரிடம் சொல்லி ஆற்றுவேன்? உடனே கூப்பிட்டு, எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் தோன்றியது. கேட்கவில்லை. "ஆமா மக்கா. ஒனக்க அறையப் பெருக்கிப் போட்டிருக்கேன்" என்று மட்டும் எழுதினேன்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு எழுந்து போய், இன்று காலை மறந்துபோன தண்ணீரை மாற்றினேன்.