அம்பாரம் பேசுது

14-2-2006, செவ்வாய்

காலையில் நல்ல பனி. இன்சுலேட்டரில் எல்லாம் உப்பு படிந்து சப்ஸ்டேஷன் முழுக்கக் கரகர சத்தம். துடைக்க ஆள் கேட்க வேண்டும். குடை ரிப்பேர். தேங்காய் எண்ணெய்.

மின்வாரிய இலாகா பரீட்சை அடுத்த மாதம். சமச்சீர் கூறுகள். கல்லூரியில் மனப்பாடம் செய்து தப்பித்த பாடம், மரக்காணம் வரை தேடி வந்துவிட்டது.

மூன்று ஃபேஸும் ஒழுங்காக இருந்தால் கணக்கு சுலபம். ஒன்று கெட்டால்? அந்தக் கோணல் மூன்றையும் ஒழுங்கான மூன்று கூட்டங்களாகப் பிரிக்கலாமாம். பாசிட்டிவ் முன்பக்கம் சுற்றும். நெகட்டிவ் பின்பக்கம். ஜீரோ சுற்றவே சுற்றாது. அதில் மூன்று ஃபேஸும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கி, மண்ணைத் தேடும். எந்தக் கம்பியைப் பார்த்தாலும் இவை தனியாகத் தெரியாது. ஆனாலும் இருக்கின்றன. படிக்கும்போது முதுகு சிலிர்த்தது. பரீட்சை பயமாகவும் இருக்கலாம்.

15, புதன்

லைன்மேன் பெருமாளோடு உப்பளம். வந்த புகார்: "அம்பாரம் பேசுது." உப்புக் குவியல் பேசுகிறதாம்! சொன்னது அஞ்சலை. மோட்டார் போட்டுப் பாத்திக்கு உப்புத்தண்ணீர் விடுகிறவள். என் வயதுதான் இருக்கும்.

"மோட்டார் ஓடறப்போ உள்ள யாரோ முணுமுணுக்கற மாதிரி கேக்குதும்மா. எங்க நாய் கிட்டயே போவ மாட்டேங்குது."

பெருமாள்: "ஏம்மா, உப்புக்கு வாய் எங்க இருக்குது?"

விஷயம் இதுதான். போன வாரக் காற்றில் மூன்று கம்பியில் ஒன்று போஸ்ட் ஓரம் அறுந்து விழுந்திருக்கிறது. யாரும் ஆபீசில் சொல்லவில்லை. இங்கே பாதி நேரம் ரெண்டு ஃபேஸ்தான் வரும், பழகிப்போச்சு. மோட்டார் கிளம்பாமல் உறுமும். தண்டில் கயிறு சுற்றி ஒரு இழு இழுத்தால் ஓடும். இவர்களுக்கு அது கைவந்த கலை. விழுந்த கம்பியையும் வீணாக்கவில்லை. ஒரு முனை அடுத்த போஸ்டில், மோட்டார்களுக்குப் போகும் லைனோடு அப்படியே இருக்கிறது. கீழே விழுந்த முனையை எடுத்து, அம்பாரத்தின் மேல் வேய்ந்த கீற்று பறக்காமல் சுற்றிக் கட்டிவிட்டார்கள்!

பெருமாள் டெஸ்டர் வைத்தார். எரியவில்லை. நானும் வைத்தேன், இல்லை. சாப்பாட்டு நேரம், எந்த மோட்டாரும் ஓடவில்லை. அறுந்த கம்பிக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்? இழுத்துக் கட்டும் சாமான் சனிக்கிழமைதான் கிடைக்கும்.

"அதுல ஒண்ணும் இல்ல அஞ்சலை, பயப்படாதீங்க" என்றேன்.

திரும்பும்போது அந்த நாய் தூரத்தில் உட்கார்ந்து அம்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

16, வியாழன்

கூனிமேட்டில் மீன். சங்கரா, கொஞ்சம் நாள்பட்டது. ஏமாந்தேன். தொண்டை கரகரப்பு. படிக்கவில்லை.

பெருமாள் சொன்னது: "அம்பாரத்துக் கிட்ட கீரி செத்துக் கெடந்துச்சாம் மேடம். ஒடம்புல ஒரு காயம் இல்லயாம்."

பாம்பு கடித்திருக்கும் என்றேன். கீரியையா? சொன்ன பிறகுதான் உறைத்தது.

17, வெள்ளி

மாலை. குடை வந்துவிட்டது. படிப்பு: ஒரு கம்பி அறுந்தால் என்ன கணக்கு.

அறுந்த கம்பியில் கரண்ட் பூஜ்யம். முன்னால் சுற்றுவதும் பின்னால் சுற்றுவதும் சம அளவில் வந்து ஒன்றையொன்று அழிப்பதால் அந்தப் பூஜ்யம். நிற்கும் மோட்டார் எந்தப் பக்கமும் போக முடியாமல் உறுமுவதும் இதனால்தான். சரி. கயிற்றால் இழுத்து ஓடவிட்டால்? பின்னால் சுற்றும் வோல்டேஜை ஓடும் மோட்டாரே அமுக்கிவிடும். முன்னால் சுற்றுவது கிட்டத்தட்ட முழு அளவில் இருக்கும், மூன்று ஃபேஸிலும். அறுந்ததிலும்.

பேனாவை வைத்துவிட்டேன். சப்ளை தராத வோல்டேஜை அந்தக் கம்பிக்கு மோட்டார் தருகிறது.

நாளை உப்பு ஏற்ற லாரி வருகிறது. கீற்றைப் பிரிப்பது அஞ்சலை. பனியில் நனைந்த கீற்று. பெருமாளுக்கு போன் செய்தேன். "ராத்திரி அங்க யாரும் மோட்டார் போட மாட்டாங்க மேடம். விடியறதுக்குள்ள போயிடலாம்."

பயமாக இருக்கிறது.

18, சனி

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

பெருமாள் வண்டியில் போனோம். வழியெல்லாம் பனி, உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. விடிந்துவிட்டது. பாத்தி எது, வரப்பு எது, தெரியவில்லை. முதலில் கேட்டது முணுமுணுப்பு. நிஜமாகவே பேச்சு மாதிரி, வார்த்தை மட்டும் பிடிபடாத பேச்சு. பிறகு அஞ்சலை தெரிந்தாள். ஈரக் கால். அம்பாரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"தொடாதீங்க! மோட்டார நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

ஓடிப்போய் நிறுத்தினாள். குழாயில் தண்ணீர் நின்றது. "நிறுத்திட்டேம்மா" என்று திரும்பி வந்து கீற்றுக்குக் கை நீட்டினாள்.

முணுமுணுப்பு நிற்கவில்லை.

பனிக்குள் எங்கோ இன்னொரு மோட்டார் ஓடும் சத்தம். அதற்கும் அப்பால் இன்னொன்று. எல்லாம் இதே லைன். ஒன்று ஓடினாலும் கம்பிக்குப் போதும். நேற்றைய கணக்கில் நான் ஒரே ஒரு மோட்டார்தான் போட்டிருந்தேன்.

அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் பாத்தியில் விழுந்தோம். பெருமாள் டிரான்ஸ்பார்மருக்கு ஓடி ஃபியூஸைப் பிடுங்கினார். மோட்டார்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அம்பாரமும் அடங்கியது. அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை.

கம்பி எப்படி உயிர் பெற்றது என்று அவளுக்கு விளக்கினேன். உப்புத்தண்ணீரில் உட்கார்ந்தபடியே கேட்டாள். கீற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லன்னு நீங்க சொன்னதால ரெண்டு நாளா பாப்பாவ அம்பாரத்து நெழல்லதாம்மா தூங்க வக்கிறேன்."