ஈரம் காயாத தரை

என் அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் விட்டதா?

பட்டறையின் கான்கிரீட் தரைக்குப் பெயின்ட் அடித்து, அது உரியாமலிருக்க நேற்று மேலே சீலர் பூசினேன். மண்டிபோட்டபடியே பின்னால் நகர்ந்து வாசலுக்கு வந்து நிமிர்ந்தால், எதிர்க் கதவு வழியாக முதலாளி போனைப் பார்த்தபடி பூட்ஸ் காலோடு வருகிறார்.

"ஈரம் காயல! கால வெச்சே, தொலைச்சிடுவேன்!" என்று கத்திவிட்டேன்.

வீடு துடைக்கும்போது நீ என்னைப் பார்த்துக் கத்துவாயே, அதே வார்த்தை, அதே சுருதி. தமிழே தெரியாத மனிதர், தூக்கிய காலை அப்படியே நிறுத்திவிட்டார். வேலை போச்சு என்றே நினைத்தேன். அவரோ தரையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், சிரித்துவிட்டார். இப்படி அதட்ட யாரிடம் கற்றாய் என்று, தமிழ் தெரிந்த மேஸ்திரியை விட்டுக் கேட்டார்.

"வீட்டுக்காரிகிட்ட" என்றேன்.

"அவங்களுக்கு நன்றி சொல்லச் சொல்றாரு" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டேன். என்னுடையதையும் சேர்த்துக்கொள். இத்தனை வருடம் முணுமுணுத்தபடி வாங்கிய திட்டு வீண்போகவில்லை.

முட்டிக்குக் கட்ட, பழைய துணியில் இரண்டு பட்டை தைத்து அனுப்பு. கடையில் கிடைக்கிறது. ஆனாலும் நீயே தைத்து அனுப்பு.

ஊருக்கு வரும் வெல்டர் பெட்டியோடு நிற்கிறார், அவரிடமே இதைக் கொடுக்கிறேன்.

இங்கே என் அறையை நானேதான் துடைக்கிறேன். ஈரத்தில் நடந்தால் கேட்க ஆளில்லை.

உன் வீட்டுக்காரன்